மூன்றாம் மாடிக்குப் போன சீர்வரிசை

முன்னால் லெட்சுமி போனாள். பிள்ளையைத் தூக்குவது போல கேசட் ரேடியோவை இடுப்பில் இடுக்கியிருந்தாள். அதிலிருந்து கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் நான், கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. எனக்குப் பின்னால் எங்கள் அடுக்குமாடியின் பெண்கள், ஆளுக்கொரு சீர்த்தட்டு. சீர் என்றால் ஒற்றைப்படைதான் முறை. அதில் நான் குறை வைக்கவில்லை.

எல்லாத் தட்டையும் சிவப்பு ஜிகினாத் துணியால் மூடியிருந்தோம். அழகுக்காக மட்டும் மூடவில்லை.

இரண்டாம் மாடி திரும்பும்போது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சிரிச்சே, தட்டோட கீழ தள்ளிடுவேன்" என்றேன். சீர் கொண்டுபோகிறவள் சிரிக்கலாமா? முகத்தில் ஒரு பெரிய வீட்டுக் களை வேண்டும். எனக்கு அது இயற்கையாகவே உண்டு.

மூன்றாம் மாடியில் மிசிஸ் நல்லையாவின் கதவைத் தட்டினோம். கதவு ஒரு சாண் திறந்தது. மேளம், தட்டு, பூ, எங்கள் பட்டுப் புடவை எல்லாவற்றையும் பார்த்தார். சட்டென்று உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது காதில் முத்துத் தோடு, முகத்தில் பவுடர்.

"வாங்கோ, வாங்கோ. வாசலிலை நிக்காதேங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றார். 

ஏதோ தப்பு நடக்கிறது என்று அப்போதுதான் முதன்முறையாக எனக்குப் பட்டது. அது இருக்கட்டும். தட்டில் என்ன இருந்தது, எதற்காக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேலேயிருந்து விழுந்தவை

ரயில்வே வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலேயே ஓர் அடுக்குமாடியின் கீழ்வீட்டுக்கு வந்ததோடு போன வாரக் கதையை நிறுத்தியிருந்தேன். எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயம். ரயில் யார்டில் கால் நசுங்கி என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். மாடிப்படியை ஒட்டி, ஜன்னல்களுக்கு நேர்கீழே நான் தோசைக் கடை போட்டேன். ஒரு கல், ஒரு அடுப்பு, இரண்டு பெஞ்சு. வீட்டில் உலை கொதித்தது அந்தக் கல்லால்தான்.

என் தோசையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனால் சாப்பிட்டவர்கள் பாதிப்பேர் இப்போது இல்லை, அதனால் நானே சொல்கிறேன். நன்றாக இருக்கும்.

கடையை ஒட்டி ஒரு கால்வாய் ஓடியது. எங்கள் ஊர் வழக்கத்தில் லோங்காங். ஓடியது என்றா சொன்னேன்? ஓட வேண்டியது, நின்றது. மாடிகளில் இருந்தவர்கள் குப்பையை எடுத்துக்கொண்டு இறங்குவதில்லை. ஜன்னல் வழியாக விடுவார்கள். முட்டை ஓடு, மீன் செதில், பால்மாவு டின், பழைய தலையணைப் பஞ்சு. ஒரு நாள் என் மாவுச் சட்டியில் நீலவார் வைத்த ஜப்பான் சிலிப்பர் ஒன்று வந்து விழுந்தது. ஒற்றைக் கால். மாவைக் கொட்டினேன். சிலிப்பரைக் கழுவி எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

மழை பெய்தால் லோங்காங் நிரம்பி என் அடுப்பு வரை வரும். நகராண்மை ஆள் ஒருவர் வந்தார். மலாய்க்காரர், நல்ல உயரம், பூட்ஸ் போட்டவர். குப்பையைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். கால்வாய் ஓரத்தில் சாப்பாட்டுக் கடை இருந்தால் யார்மேல் சந்தேகம் வரும்?

"செக்காலி லாகி, மக்சிக்" என்றார். இன்னொரு முறை அடைத்தால் கல்லையும் பெஞ்சையும் லோரியில் ஏற்றிவிடுவாராம். மக்சிக் என்று அத்தை முறை வைத்து மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் லோரி வராமல் இருக்குமா?

பால்டின் காப்பி

குப்பை என்ற சொல்லே எனக்குத் தாமதமாகத்தான் பழக்கமானது. நான் பிறந்தது பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அங்கே கடையில் காப்பி வாங்க வேண்டுமானால் காலியான பால்டின்னைக் கொண்டு போக வேண்டும். வாயில் இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருக்கும். அதில் காப்பியை வாங்கி ஆட்டிக்கொண்டே வருவோம். டின் ஓட்டையானால் கோழிக்குத் தண்ணீர் வைக்க, அதுவும் போனால் தகரமாகத் தட்டிக் கூரையில் ஒட்டுப்போட.

இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள், "ஆன்ட்டி, அந்தக் காலத்துல எவ்ளோ புத்திசாலியா இருந்திருக்கீங்க" என்கிறார்கள். புத்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னொரு டின் வாங்க வழியில்லை, அவ்வளவுதான்.

பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த ரோஸ் நிறப் பையை என் மாமியார் கழுவிக் கொடியில் காயப்போட்டார். யாராவது திருடிவிடுவார்கள் என்று கீழே உட்கார்ந்து காவல் காத்தார். அப்பேர்ப்பட்ட பை எப்படி மதிப்பிழந்து லோங்காங்கில் கிடந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஒட்டிய தாளும் ஒட்டாத புத்தியும்

கீழே குப்பை போடாதீர் என்று யாரோ மூன்று மொழியில் தாள் அடித்துப் படிக்கட்டில் ஒட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டித் தமிழில் உள்ளதைப் படித்து முடிப்பதற்குள் மழை வந்தது. தாள் கழன்று நேராக லோங்காங்கில் விழுந்தது. அதையும் நான்தான் அள்ளினேன்.

சண்டை போடலாமே என்பீர்கள். எனக்குச் சண்டை தெரியாதா? ஆனால் மேலேயிருந்து குப்பை போட்டவர்கள்தான் கீழே வந்து தோசை வாங்கினார்கள். காலையில் திட்டினால் மத்தியானம் மாவு மிஞ்சும்.

ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தேன். அந்தக் கட்டடத்தில் எல்லாரும் மிசிஸ் நல்லையாவைப் பார்த்துத்தான் நடப்பார்கள். சிலோன் வழியில் வந்த குடும்பம். கணவர் ரயில் ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து காலமானவர். மகன் இங்கிலாந்தில் படித்து அங்கேயே வேலை. அவர் வீட்டுச் சிமெண்டுத் தரையில் முகம் பார்க்கலாம். அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம் முழுக்க ஜன்னல் வழியாக என் தலையில் இறங்கியது. அவர் ஜன்னலை மூடினால் மற்றவர்களும் மூடுவார்கள்.

"அக்கா, அவங்ககிட்ட யாரு போயி சொல்றது?" என்றாள் லெட்சுமி. பக்கத்து வீட்டுக்காரி, கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவள்.

"சொல்லக் கூடாதுடி. மரியாதை செய்யணும்" என்றேன்.

கிள்ளானில் என் தம்பி பெண்டாட்டி கல்யாணத் தட்டு வாடகைக்கு விடுகிறவள். பஸ் ஏறிப் போய்த் தட்டுகளை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். "யாருக்கு அக்கா கல்யாணம்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"குப்பைக்கு" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி அவர் என் பக்கமே வரவில்லை.

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேர்கீழே விழுந்ததை மட்டும் பொறுக்கினேன். எல்லாவற்றையும் கழுவினேன். நாற்றமடிக்கிற எதையும் வைக்கவில்லை. சீருக்கு ஒரு முறை இருக்கிறது. பால்மாவு டின்களைக் கோபுரமாக அடுக்கினோம். துணி போய்க் கம்பி மட்டும் நின்ற குடைக்குக் கனகாம்பரம் சுற்றினோம். முட்டை ஓடுகளை லட்டு மாதிரி குவித்து உச்சியில் ஒரு செர்ரி. பல் போன சீப்பு, மூக்குடைந்த தேநீர்க் கெண்டி. நடுத்தட்டில் அந்த ஒற்றைச் சிலிப்பர், சுற்றிலும் மல்லிகைச் சரம்.

"செருப்பு வைக்கலாமாக்கா?" லெட்சுமி தயங்கினாள்.

"அவங்க செருப்புதானே. நம்மளதா வச்சாத்தான் தப்பு."

முத்துத் தோடு

இப்போது மறுபடி மூன்றாம் மாடிக்கு வருவோம்.

எங்களைச் சோபாவில் உட்கார வைத்தார் மிசிஸ் நல்லையா. சுவரில் மகன் படம், கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி. அவர் அதை ஒரு முறை பார்த்தார், எங்களை ஒரு முறை பார்த்தார்.

"பொம்பிளை வீடு எவடம்?" என்று மெல்லக் கேட்டார்.

அவர் தேநீர் ஊற்ற உள்ளே போனபோது லெட்சுமி என் தொடையைக் கிள்ளினாள். "அக்கா, மகனுக்குப் பொண்ணு வீட்டுலருந்து சீர் வந்திருக்குன்னு நெனச்சிட்டாங்க."

"தெரியுது. பேசாம இரு."

முன்கூட்டிப் பேசி முடிக்காமல் சீர் வருமா என்று கேட்கலாம். எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிற தாய்க்கு மேளச் சத்தம் கேட்டால் அந்தக் கேள்வி எல்லாம் வராது. எனக்கும் ஒரு மகன் உண்டு.

எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் தேநீரோடு வந்து, தட்டத்தை வைத்துவிட்டு, அவரே ஆசையாக முதல் துணியை விலக்கினார். பால்டின் கோபுரம். இரண்டாவது, குடைக் கம்பி. மூன்றாவதில் சிலிப்பர். அதைக் கையில் எடுத்து வாரைத் தடவிப் பார்த்தார். மேளம் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் லெட்சுமிக்கு ரேடியோவை மூடும் பொத்தான் கிடைக்கவில்லை.

"அதை நிப்பாட்டுங்கோ" என்றார்.

நின்றது.

"தேத்தண்ணி ஊத்தியாச்சுது. குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தோம். ரோஜாப்பூ போட்ட கோப்பை. அப்படிப்பட்ட நல்ல தேநீரை அவ்வளவு கஷ்டப்பட்டு நான் விழுங்கியதே இல்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. இப்போதும் பெரிதாக இல்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார்.

"பாக்கியம், தட்டுகளை நாளைக்குத் தாறன். சீர் வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது, தெரியுமெல்லோ?"

எதிர்ச்சீர்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கல்லைச் சுற்றி நல்ல கூட்டம். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மிசிஸ் நல்லையா இறங்கி வந்தார். தோசைக்கு ஆள் அனுப்புவாரே தவிர என் கடைக்கு அவர் வந்ததே கிடையாது. அதே முத்துத் தோடு. பின்னால் தட்டேந்திய பெண்கள். யார் என்று பார்த்தால், முந்தின நாள் என்னோடு வந்த அதே துரோகிகள். லெட்சுமியும் அதில் இருந்தாள்.

"என்னடி இது?"

"கூப்பிட்டாங்கக்கா. சீர்னா போகாம இருக்க முடியுமா?"

துணியை விலக்கினார். தட்டு நிறைய என் பிளாஸ்டிக் பைகள். சட்னி கட்டிக் கொடுத்தவை, சாம்பார் கட்டிக் கொடுத்தவை. எல்லாம் கழுவிக் காயவைத்து, கைக்குட்டை மாதிரி நான்காக மடித்து அடுக்கியிருந்தன. நான் பை வாயைக் கட்டுகிற சிவப்பு ரஃபியாக் கயிறுகளை முடிச்சுப்போட்டுச் சேர்த்து, பூச்சரம் மாதிரி உருட்டி மேலே வைத்திருந்தார். ஒவ்வொரு தட்டும் அப்படியே.

"உங்கட தோசை எங்கட வீடுகளுக்கு வந்தது. தோசை வயித்துக்குள்ள போயிட்டுது. அது உடுத்துக்கொண்டு வந்த உடுப்பைத் திருப்பித் தாறம். எண்ணிப் பாத்து எடுங்கோ."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பெரிய வீட்டுக் களை அவருக்கும் இயற்கையாகவே இருந்தது.

"லோங்காங்கிலைதான் கிடந்தது எல்லாம். ராவோடை ராவா இறங்கி நானே எடுத்தனான். கொளுவி இழுக்க நல்ல சாமான் ஒண்டு நேத்துச் சீராக் கிடைச்சுது." முந்தானைக்குள்ளிருந்து அந்தக் குடைக் கம்பியை எடுத்துக் காட்டினார். கனகாம்பரம் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

எல்லாரையும்விட அதிகம் சிரித்தது உள்ளே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்குச் சட்னி கிடையாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

லோங்காங்கை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வாயை அடைத்துக்கொண்டிருந்தது முட்டை ஓடு இல்லை, என் பை. நான் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. நான் விற்றேன், அவர்கள் எறிந்தார்கள். ஆனால் லோரி வந்தால் அது அவர்கள் ஜன்னலை ஏற்றிக்கொண்டு போகாது, என் கல்லைத்தான் ஏற்றும்.

"சரி மிசிஸ்" என்றேன். "இனிமே என் கடையில பை இல்ல. மேலருந்து ஒண்ணும் விழக் கூடாது."

"விழாது. அந்த ஒற்றைச் செருப்பு மட்டும் என்னட்டை இருக்கட்டும்."

கையை நீட்டு, சாம்பார் ஊத்துறேன்

தோசையை வாழையிலையில் சுற்றித் தரலாம். சட்னிக்கும் சாம்பாருக்கும் பாத்திரம் வேண்டும். கொண்டு வராதவர்களுக்கு என் வாய்தான் பதில்.

"பாத்திரம் இல்லியா? கையை நீட்டு அண்ணே, சாம்பார் ஊத்துறேன். கை சுட்டா வீட்டு ஞாபகம் வரும், பாத்திரம் ஞாபகமும் வரும்."

"அக்கா, நான் ஆபீஸ்லருந்து நேரா வரேன் லா."

"ஆபீஸ்ல தண்ணி குடிக்கக் கப்பு இல்லியா? அதக் கொண்டா."

சிலர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அந்த வாரங்களில் மாவு மிஞ்சியது. மிஞ்சிய மாவில் வீட்டில் மூன்று வேளையும் ஊத்தப்பம் தின்று என் வீட்டுக்காரர் அழுதார். ஆனால் சிலிப்பர் கதை பரவியது. "ஒழுங்கா இரு, உன் வீட்டுக்கும் சீர் வந்துடும்" என்பது அடுக்குமாடியில் ஒரு மிரட்டலாகவே ஆகிவிட்டது. மேலே இருந்தவர்கள் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை கட்டி இறக்கினார்கள். கூடைக்குள் தூக்குப் பாத்திரம், பாத்திரத்துக்குள் சில்லறை. முன்பு குப்பை வந்த வழியாகவே இப்போது பாத்திரம் வந்தது. மேலே பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்துவலியும் வந்தது.

பூட்ஸ்காரர்

ஒரு நாள் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மழை விட்டதும் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவரேதான். லோங்காங் ஓரமாக நின்று குனிந்து பார்த்தார். குச்சியால் கிளறினார். தண்ணீர் சலசலவென்று கிள்ளான் ஆற்றுக்கு வழி கேட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியவில்லை. பிறகு கல்லைப் பார்த்தார். தோசை வாசனை யாரை விட்டது?

"மக்சிக், தோசை புங்குஸ்" என்றார். சாம்பாரோடு கட்டிக் கொடுக்கச் சொல்கிறார்.

"தா போலே" என்றேன். முடியாது. "பிளாஸ்டிக் தாடா." பை இல்லை.

அவர் முகம் மாறியது. என் வீட்டுக்காரர் உள்ளிருந்து பல்லைக் கடித்தார். "பாக்கியம், ஆபீசர் லா. எதுலயாச்சும் கட்டிக் குடுத்துத் தொலையேன். கடை போயிடும்."

"எதுல கட்டுறது? என் முந்தானையிலயா?"

எனக்கும் பயம்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு அடுப்பு இல்லை. ஆனால் ஊரையெல்லாம் கையை நீட்டு என்று கேலி செய்துவிட்டு, பூட்ஸைக் கண்டதும் பையைத் தேடினால் என் வாய்க்கு அப்புறம் என்ன மதிப்பு?

அப்போது என் தலைக்கு மேல் ஏதோ ஆடியது. ஆபீசர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். பாவம், அவரும் முன்பு வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருக்கலாம். கயிற்றில் இறங்கியது ஒரு டிபன் கேரியர். நான்கு அடுக்கு, பித்தளைப் பிடி, பளபள. மிசிஸ் நல்லையாவின் கணவர் ஆபீசுக்குக் கொண்டுபோனது. அதை அவர் ஷோகேசில் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"அவருக்கு அதிலை போட்டுக் குடுங்கோ" என்று மேலிருந்து குரல். "வெறுமனே திருப்பித் தரக் கூடாது எண்டும் சொல்லுங்கோ."

தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் மேலே பார்த்தார், கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூட்ஸ் போட்ட அந்த உயரமான மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார்.

கேரியர் போனது. நாள்கள் போயின. கேரியர் வரவில்லை. "அது எங்கட அவற்ர கேரியர், பாக்கியம்" என்று மிசிஸ் நல்லையா ஜன்னலிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடை போனாலும் பரவாயில்லை, கேரியர் போனால் இந்த மனுஷிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பூட்ஸ்காரர் வந்தார். சீருடை இல்லாமல், கைலியும் சட்டையுமாக. கேரியரைப் பெஞ்சில் வைத்தார். மேல் அடுக்கில் அவர் மனைவி செய்த தேங்காய்ப்பால் கூவே என்கிற மலாய் இனிப்பு, அடுத்ததில் வாழைப்பழப் பலகாரம், அதற்கடுத்து ரம்புத்தான் பழம், அடியில் நெருக்கிக் கட்டிய, சோற்றுக்கு வாசனை தரும் பண்டான் இலைக்கொத்து. மனைவிக்குக் கூவே செய்ய நாளாயிற்றாம், அதனால்தான் தாமதமாம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தட்டில் தோசை கேட்டார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு தோசை கேட்டார்.

கேரியரைக் கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டினேன். மேலே ஏறும்போது ரம்புத்தான் அடுக்கு கொஞ்சம் லேசாக இருந்திருக்கலாம். தூக்கிவிட்ட கூலி.

புடவைக்கு அடியில்

சில வருஷம் கழித்து மிசிஸ் நல்லையா மறுபடி என் கடைக்கு இறங்கி வந்தார். "மகனுக்குப் பொம்பிளை சரிவந்திட்டுது. கிள்ளானிலை கலியாணம். இந்த முறை உண்மையான சீர். நீங்கள்தான் முன்தட்டு தூக்க வேணும்."

அந்த முத்துத் தோட்டைப் பார்க்க முடியாமல் நான் தோசையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது கருகியது. என் கையில் கருகிய தோசை அது ஒன்றுதான்.

கிள்ளான் மண்டபத்தில் நிஜ நாதஸ்வரம் ஊத, நிஜ ஆப்பிள் அடுக்கிய தட்டோடு முதல் ஆளாக நடந்தேன். லெட்சுமி எனக்குப் பின்னால்தான். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, சீர் தூக்கினவளுக்கு முறை என்று ஒரு புடவைப் பெட்டியை என் கையில் வைத்தார். "வீட்டை போய்ப் பிரியுங்கோ" என்றார்.

வீட்டில் பிரித்தேன். மாம்பழ நிறப் பட்டு. புடவைக்கு அடியில் அந்த நீலவார் சிலிப்பர், சுற்றிலும் மல்லிகைச் சரம்.

அவர் இப்போது மகனோடு இங்கிலாந்தில். அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம், பூச்சோங்கில் இருக்கும் என் மகன் வீட்டுக்கும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சிலிப்பரை எடுத்துத் துடைத்துவிட்டேன். லெட்சுமியிடம் பூவுக்கும் சொல்லியாயிற்று. முறைப்படி இந்தத் தடவை சீர் என்னுடையது.